மூன்றடித் தண்ணீருக்குத் திரும்பிய அன்னத்தாய்

2025 ஜூன் 9, திங்கட்கிழமை. மேற்கே மலையில் சாரல் இறங்கியிருந்தது. பாளையங்கோட்டைக்கு அதில் ஒரு துளியும் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. வெயில் தலைகாட்டுவதும் மறைவதுமாக இருந்தது. பெருமாள்புரத்து நீச்சல் குளத்தின் தகரக் கூரை விடிந்ததிலிருந்தே படபடத்துக்கொண்டிருந்தது.

மாலை நான்கரை மணிக்குப் பெண்களுக்கான நேரம் தொடங்கியது. ஆனால் அன்று எவரும் தண்ணீரில் இறங்கவில்லை. எல்லாரும் கரையில் நின்றார்கள். அன்னத்தாய் நீந்தப் போகிறார் என்ற செய்தி பரவியிருந்தது.

அன்னத்தாய்க்கு அப்போது வயது நாற்பத்தாறு. ஆற்றங்கரை ஊரான முக்கூடலில் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு பீடி சுற்றினார். இருபது வயதில் பிச்சைக்கண்ணுவை மணந்து பாளையங்கோட்டைக்கு வந்தார். பிச்சைக்கண்ணு கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் சுமை ஏற்றி இறக்கும் வேலை செய்கிறார். ஒரே மகள் நாகர்கோவிலில் செவிலியர் படிப்பில் இருக்கிறாள். நீச்சல் குளத்தில் பெண்கள் உடை மாற்றும் அறை மூன்று ஆண்டுகளாக அன்னத்தாயின் பொறுப்பு. பெட்டிச் சாவிகளை எடுத்துக் கொடுப்பார், ஈரத்தரையைத் துடைப்பார், யாரேனும் மறந்து வைத்துவிட்டுப் போகும் கம்மலையும் கைக்கடிகாரத்தையும் தாளில் பொதிந்து, பெயரெழுதிப் பத்திரப்படுத்துவார். மூன்று ஆண்டுகளில் ஒரு கம்மல் திருகுகூடக் காணாமற்போனதில்லை என்பதை மேலாளர் ராஜராஜேஸ்வரி புதிதாக வருவோரிடமெல்லாம் சொல்வார்.

அதைவிடப் பெரிய புகழ் ஒன்றும் அவருக்கு உண்டு. முக்கூடலில் இருந்த காலத்தில், ஆற்றோடு போன மூன்று பிள்ளைகளை வெவ்வேறு சமயங்களில் அவர் உயிரோடு கரைசேர்த்திருந்தார். அவர்களுள் ஒருவன் இப்போது அம்பாசமுத்திரத்தில் கடை வைத்திருக்கிறான்; தீபாவளிக்குத் தீபாவளி சேலை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறான். அன்னத்தாய் இதைத் தாமாகச் சொல்லிக்கொண்டதில்லை. அந்தச் சேலைக்காரனே ஒருமுறை குளத்துக்கு வந்து சொன்னதால் எல்லாருக்கும் தெரிந்தது.

அந்தப் புகழுக்கு அந்த ஆண்டு ஒரு வேலை வந்து சேர்ந்தது. பெண்கள் நேரத்தில் உயிர்காப்பாளராக இருந்தவர் திருமணமாகிக் கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். ஆகஸ்டு முதல் தேதிக்குள் தகுதிபெற்ற பெண் ஒருவர் அந்த இடத்துக்கு வராவிட்டால், பெண்களுக்கான நேரத்தையே நிறுத்திவிடப் போவதாகக் குளத்தின் உரிமையாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாற்பது பெண்கள் அந்த ஒன்றரை மணிநேரத்தை நம்பி வந்துகொண்டிருந்தார்கள். ஆண்கள் இல்லாத நேரம் என்பதால்தான் அவர்களுள் பாதிப் பேருக்கு வீட்டில் அனுமதியே கிடைத்தது. அந்த நேரம் போனால் உடை மாற்றும் அறைக்கும் வேலையில்லை, அன்னத்தாய்க்கும் வேலையில்லை.

ராஜராஜேஸ்வரி நாலா பக்கமும் கேட்டுப் பார்த்தார். எவரும் கிடைக்கவில்லை; வகுப்பெடுக்கும் ஆசிரியைகளே உயிர்காப்பாளராகவும் இருக்க விதி இடம்தரவில்லை. கடைசியில் அவர் கண் அன்னத்தாய்மேல் விழுந்தது. நீர்ப் பாதுகாப்புப் பயிற்சி அமைப்பு ஒன்றின் தேர்வாளர் ஜூலை 14 அன்று மதுரையிலிருந்து வரவிருந்தார். ஐம்பது மீட்டர் தூரத்தை, அதாவது குளத்தின் நீளத்தைப் போய்த் திரும்பி, நிற்காமல் நீந்த வேண்டும். பிறகு எட்டடி ஆழத்தில் கிடக்கும் ஐந்து கிலோ எடையை மேலே கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான் தேர்வு.

"ஒனக்கு இதெல்லாம் ஒரு தேர்வா, அன்னத்தாய்?" என்றார் ராஜராஜேஸ்வரி. "சும்மா ஒரு தடவ நீந்திக் காட்டு. பேரை எழுதி அனுப்பிருதேன்."

"சரி மேடம்" என்றார் அன்னத்தாய்.

மூன்று ஆண்டுகளாகத் துடைத்த கரையிலிருந்து, அன்றுதான் முதன்முறையாக அந்தத் தண்ணீரில் குதித்தார். குதித்ததில் ஒரு குறையும் இல்லை. ஆற்றுப் பெண்ணுக்கே உரிய துணிச்சலோடு விழுந்து, தலையை நிமிர்த்தி, இரு கைகளாலும் தண்ணீரை விலக்கிப் புறப்பட்டார். கரையில் கைதட்டல் எழுந்தது. ஐந்து மீட்டர் போனார். எட்டு மீட்டர் போனார். பிறகு கைகள் விலக்கிக்கொண்டே இருந்தன, உடம்பு நகரவில்லை. கால்கள் இரண்டும் கிணற்றில் விட்ட கயிறுபோல் நேராகக் கீழே தொங்கின. பன்னிரண்டாவது மீட்டரில் மூச்சிரைத்து, பக்கத்திலிருந்த மிதவைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

கைதட்டல் நின்றது. கூரைத் தகரத்தின் சத்தம் மட்டும் கேட்டது.

"எக்கா, ஆறு எங்கன போச்சு?" என்று கேட்டாள், நுழைவுச்சீட்டுக் கொடுக்கும் கோமு. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கயிற்றில் தொங்கியபடி அன்னத்தாயும் சிரித்தார். ஆனால் கரையேறியதும் திரும்பி, அந்தப் பன்னிரண்டு மீட்டரை அளப்பதுபோல் பார்த்தார். நீருக்கு அவர் அஞ்சியவரல்லர். சிறு வயது முதல் தமக்குத் தெரியும் என்று நினைத்த ஒன்று தெரியாமற்போனதுதான் அவரை உறுத்தியது.

அன்று இரவு பிச்சைக்கண்ணு விழுந்து விழுந்து சிரித்தார். "ஏளா, ஆத்துல பொறந்தவளுக்குத் தொட்டித் தண்ணியச் சொல்லிக்குடுக்க ஒரு டீச்சரா?"

"ஆமா, டீச்சர்தான் வேணும்" என்றார் அன்னத்தாய். "எந்த டீச்சர்னுதான் பாக்கணும்."

பெண்கள் நேரத்தில் கற்பிப்போர் இருவர். ஒருவர் ஸ்வீட்லின். உவரியைச் சேர்ந்தவர், இருபத்துநான்கு வயது. மாநிலப் போட்டிகளில் வாங்கிய பதக்கங்கள் அலுவலக அறைச் சுவரில் வரிசையாகத் தொங்கின. அவரிடம் பயின்ற மாணவியர் எட்டுப் பேரும் பள்ளி, கல்லூரிப் போட்டிகளுக்குப் போகிறவர்கள். மற்றவர் ஸமீஹா. மேலப்பாளையத்துக்காரர், முப்பது வயது. நான்கு ஆண்டுகளுக்குமுன் இதே குளத்தில் அழுதுகொண்டே கற்றுக்கொண்டவர். பதக்கம் எதுவும் இல்லை. சிறு பெண்களுக்கும், தண்ணீரைக் கண்டால் அஞ்சும் பெண்களுக்கும் மூன்றடி ஆழத்தில் முதற்பாடம் சொல்லிக்கொடுப்பார்.

அன்னத்தாய் ஸ்வீட்லினிடம் போனார். எவராயினும் அதைத்தான் செய்திருப்பார்கள். இருப்பது ஐந்தே வாரம். பெரிய வித்தைக்குப் பெரிய ஆசிரியர் என்று அவரும் எண்ணினார்.

ஸ்வீட்லின் அவரை அன்போடுதான் சேர்த்துக்கொண்டார். "அக்கா, ஒங்களுக்குத் தண்ணி பழக்கம் இருக்கு. ஸ்டைலை மட்டும் மாத்துனாப் போதும்" என்றார். முழங்கையை உயரமாக வைத்துத் தண்ணீரைப் பிடிக்க வேண்டும் என்றார், இடுப்பைச் சுழற்ற வேண்டும் என்றார், கை நீளும்போது எதிர்க்கால் உதைக்க வேண்டும் என்றார், நீந்தியும் காட்டினார். அவர் நீந்தினால் தண்ணீர் சத்தமே போடாது. அன்னத்தாய் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு இறங்கினார். முழங்கையை நினைத்தால் இடுப்பு மறந்தது. இடுப்பை நினைத்தால் மூச்சு மறந்தது. ஒரு வாரம் சென்றபின், பன்னிரண்டு மீட்டர் போனவர் பதினொரு மீட்டரில் கயிற்றைப் பிடித்தார்.

அந்த இடத்தில் மற்றொருவராக இருந்தால் ஆசிரியரைக் குறை கூறியிருப்பார். அல்லது வயதைக் காரணம் காட்டி விலகியிருப்பார். அன்னத்தாய் இரண்டையும் செய்யவில்லை. ஜூன் 17 அன்று வகுப்புக்கு இறங்காமல், துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, கரைப் பலகையில் ஒன்றரை மணிநேரம் உட்கார்ந்திருந்தார். ஆசிரியைகளை அவர் பார்க்கவில்லை. படிக்கிறவர்களின் முகங்களையே பார்த்தார்.

அவர் தேடியது ஒன்றே ஒன்று. ஆசிரியை ஒன்றைச் சொல்லி முடித்தவுடன், யார் பக்கத்திலிருப்பவரின் முகத்தைப் பார்க்கிறார்கள்? சொன்னது பிடிபடாதவர்தாம் அப்படிப் பார்ப்பார் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கடந்த ஏழு நாளும் அவர் அதைத்தான் செய்திருந்தார். ஸ்வீட்லின் வகுப்பில் ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்வீட்லின் பாதி சொல்லும்போதே அவர்கள் பாய்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு அந்த வகுப்புப் பொருத்தமாக இருந்தது. ஸமீஹாவின் வகுப்பிலும் ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே காரணம் வேறு. ஸமீஹா ஒரு நாளைக்கு ஒரே ஒரு செய்தியைத்தான் சொன்னார். அன்றைக்கு அவர் சொன்னது, "தண்ணிக்குள்ள வாயால மூச்சை விடுங்க" என்பது மட்டும். அதையே முப்பது முறை சொன்னார். முப்பதாவது முறையும் முதன்முறை சொல்வதுபோலவே சொன்னார்.

வகுப்பு முடிந்ததும் அன்னத்தாய் ஸமீஹாவிடம் போனார்.

"டீச்சர், என்னையும் ஒங்க வகுப்புல சேத்துக்கிடுங்க."

ஸமீஹா தலைத்துணியைப் பிழிந்துகொண்டே சிரித்தார். "கேலி பண்ணுதியளாக்கா? பயத்தப் போக்குததுதான் என் வேலை. ஒங்களுக்குத்தான் பயமே கெடையாதே."

"பயம் இல்லதான். நீச்சலும் இல்லையே."

ஸமீஹா சற்று யோசித்தார். "எனக்கும் ஒண்ணு வெளங்கல. மூணு உசுரக் காப்பாத்துனவங்களுக்கு நீந்தத் தெரியலைன்னா நம்ப முடியலையே. ஆத்துல நீங்க எங்கன எறங்குவிய?"

"மேலப் படித்துறையில."

"எங்கன ஏறுவிய?"

"கீழப் படித்துறையில. ரெண்டு பர்லாங் இருக்கும்."

"மறுபடியும் மேல வாரதுக்கு?"

"கரையோட நடந்து வருவோம். தண்ணிய எதுத்து நீந்தி வாரதுக்கு எங்களுக்கென்ன கிறுக்கா?"

சொல்லி முடித்த பிறகுதான் தாம் சொன்னது அன்னத்தாயின் காதில் விழுந்தது. அவர் ஸமீஹாவைப் பார்த்தார். ஸமீஹாவும் அவரைப் பார்த்தார்.

"அப்போ அந்த மூணு பிள்ளைகளயும்?" என்று ஸமீஹா மெதுவாகக் கேட்டார்.

"புடிச்சு மார்போட அணைச்சுக்கிட்டு, ஆத்துக்கே விட்டுருவேன். வளைவுல மணல்திட்டு இருக்கு. அங்கன அதுவே கொண்டுபோய் ஒதுக்கிரும்."

"அப்போ இத்தன வருசமும் நீந்துனது ஆறுதான்க்கா. நீங்க கூடவே போயிருக்கிய."

இருவரும் சிரித்தார்கள். ஆயினும் ஸமீஹா உடனே சேர்த்துச் சொன்னார்: "ஆனா ஆறு எங்கன ஒதுக்கும்னு தெரிஞ்சு வச்சிருந்திய பாருங்க, அது எனக்குத் தெரியாது. ஸ்வீட்லினுக்கும் தெரியாது." அந்தச் சொல் அன்னத்தாய்க்கு ஆறுதலாக இருந்தது. ஆற்றங்கரையில் வளர்ந்தவருள் பலரும் தமக்கு நீந்தத் தெரியும் என்ற எண்ணத்தோடே வாழ்ந்து முடிக்கிறார்கள். சோதித்துப் பார்க்க நிற்கும் தண்ணீர் அவர்களுக்கு வாய்ப்பதில்லை. வாய்த்தாலும் ஒப்புக்கொள்ளும் மனம் வாய்ப்பதில்லை. அன்னத்தாய்க்கு இரண்டும் வாய்த்திருந்தன.

"எனக்குக் காலு இல்ல, டீச்சர்" என்றார். "ஆறு இருந்ததால காலே தேவப்படல. காலை மட்டும் சொல்லிக்குடுங்க."

மறுநாள் முதல், ஏழிலிருந்து பத்து வயது வரையுள்ள ஆறு சிறுமியரோடும், தண்ணீரைக் கண்டு நடுங்கும் இரண்டு இல்லத்தரசியரோடும் அன்னத்தாய் மூன்றடி ஆழத்தில் நின்றார். சுவரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கால்களை மட்டும் அடிக்க வேண்டும். முழங்காலை மடக்கி அடித்தால் தண்ணீர்தான் தெறிக்கும், உடம்பு போகாது. இடுப்பிலிருந்து அடிக்க வேண்டும். முதல் நான்கு நாட்கள் இது மட்டுமே. சிறுமியர் இரண்டாம் நாளே மிதவைப் பலகையை வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள். அன்னத்தாய் சுவரோடு நின்றார்.

நாற்பது பெண்களும் அதைப் பார்த்தார்கள். அவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுக்கிறவர். ஆற்றைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர்கள் கைகாட்டுகிறவர்.

"மூணு உசுரக் காப்பாத்துன பொம்பள முட்டளவு தண்ணியில நிக்காளே" என்று கோமு கைப்பிடிக் கம்பியில் சாய்ந்துகொண்டு சொன்னாள். "பாத்துக்கா, முங்கிராத!"

"முட்டளவுதான். ஆனா நிக்குதது ஒங்க எல்லாருக்குமாத்தான், ஏளா" என்றார் அன்னத்தாய், கால்களை நிறுத்தாமல். "நான் இங்கன நிக்கலைன்னா ஆகஸ்டுல நீ யாருக்கு டிக்கெட் கிழிப்ப?"

கோமு அதற்குப்பின் கேலி செய்யவில்லை. நான்காம் நாள் ஒரு குவளைத் தேநீர் கொண்டுவந்து விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள்.

கால்கள் வசப்பட்டபின் தலை தடையாக நின்றது. முக்குளிக்கத் தெரிந்த அன்னத்தாயால், நீந்தும்போது முகத்தை நீருக்குள் வைக்க முடியவில்லை. அச்சம் காரணமன்று. ஆற்றில் கட்டை வரும், முள் வரும், பாறை வரும். கண் தண்ணீருக்கு மேலே இருந்தாக வேண்டும். அந்தப் பழக்கம் அவருடைய கழுத்தில் ஊறியிருந்தது. தலை நிமிர்ந்தால் இடுப்பு இறங்கும். இடுப்பு இறங்கினால் கால் என்ன அடித்தும் பயனில்லை. ஆறு நாட்கள் இந்தக் கழுத்தோடு போராடினார். ஒருநாள் ஸமீஹா அவரை நிறுத்தி, குளத்தைக் கையால் சுட்டிக்காட்டினார்.

"நல்லாப் பாருங்கக்கா. இங்கன ஒண்ணும் வராது. வாரது நீங்க மட்டுந்தான்."

அன்னத்தாய் அந்தத் தண்ணீரை நெடுநேரம் பார்த்தார். நீல ஓடுகள், கறுப்புக் கோடு, அடியில் அசையும் வெயில். பிறகு முகத்தை வைத்தார்.

ஜூலை 2 அன்று குளத்தின் முழு நீளத்தையும் கடந்தார். சிறுமியர் கூச்சலிட்டார்கள். ஜூலை 9 அன்று நாற்பது மீட்டர். அதற்குமேல் நகரவில்லை. பத்தாம் தேதியும் நாற்பது, பதினொன்றிலும் நாற்பது. திரும்பி வருகையில் களைத்து, கழுத்து தானாக நிமிர்ந்தது. ராஜராஜேஸ்வரி கவலைப்பட்டார். "கடைசி ரெண்டு நாளாவது ஸ்வீட்லின்ட போயேன்" என்று வற்புறுத்தினார். அன்னத்தாய் கொஞ்சம் ஆடித்தான் போனார். அன்று இரு வகுப்புகளுக்கும் நடுவே சிறிது நேரம் நின்றார். பிறகு மூன்றடித் தண்ணீருக்கே திரும்பினார்.

அந்த நாட்களில் ஸமீஹா புதிதாக எதுவும் கற்றுத்தரவில்லை. "மொத நீளத்தப் பையப் போங்க" என்று மட்டும் சொன்னார். "ஆறு ஒங்கள இழுத்துக்கிட்டுப் போன வேகம் ஒங்க வேகம் இல்லக்கா. ஒங்க வேகம் எதுன்னு பாருங்க." அன்னத்தாய் முதல் நீளத்தில் வேகத்தைக் கணக்காகக் குறைத்துப் பழகினார்.

ஜூலை 14, திங்கட்கிழமை. தேர்வாளர் விஜயஸ்ரீ ஐம்பது வயதைக் கடந்தவர், அதிகம் பேசாதவர். கையில் ஒரு பலகையும் தாளும் வைத்திருந்தார். பெண்கள் நாற்பது பேரும் வந்திருந்தார்கள். இம்முறை எவரும் கைதட்டவில்லை. கைதட்டலுக்குப்பின் என்ன நடந்தது என்பது எல்லாருக்கும் நினைவிருந்தது.

அன்னத்தாய் குதிக்கவில்லை. படியில் இறங்கி, சுவரைக் காலால் உந்திப் புறப்பட்டார். முதல் நீளம் அவ்வளவு மெதுவாக இருந்தது. கோமு நகத்தைக் கடித்தாள். அன்னத்தாய் எதிர்ச்சுவரைத் தொட்டார், உந்தினார். முப்பது மீட்டர். முப்பத்தைந்து. நாற்பதாவது மீட்டரில் அவருடைய கழுத்து ஒருமுறை நிமிர்ந்தது. கரையிலிருந்து ஸமீஹா கூப்பிட்டிருந்தாலும் கேட்டிராது. கழுத்து நிமிர்ந்தது, பிறகு தானாகவே இறங்கியது. முகம் நீருக்குள் போனது. கால்கள் இடுப்பிலிருந்து அடித்தன. ஐம்பதாவது மீட்டரில் சுவரில் கை வைத்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. ஆனால் மிதவைக் கயிற்றை ஒருமுறையும் தொடவில்லை.

எடையெடுக்கும் தேர்வு அவருக்கு விளையாட்டாக இருந்தது. ஆற்றின் அடிமடுவில் கண்திறந்து பழகியவர் எட்டடி ஆழத்துக்கு ஒரே மூச்சில் போய், எடையை மார்போடு அணைத்து மேலே வந்தார். பிள்ளையை ஏந்துவதுபோலவே ஏந்தியிருந்தார். விஜயஸ்ரீ அதைச் சற்றுக் கூர்ந்து பார்த்துவிட்டுத் தாளில் கையெழுத்திட்டார்.

"தகுதி பெற்றுவிட்டார்" என்றார் ராஜராஜேஸ்வரியிடம். "ஆகஸ்டில் உங்கள் பெண்கள் நேரம் நடக்கும்."

அதன்பின் எழுந்த கூச்சலில் கூரைத் தகரத்தின் சத்தம் அமுங்கிப்போனது. சிறுமியர் அறுவரும் அன்னத்தாயின் ஈரக் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். ஸமீஹா ஒரு மூலையில் நின்று தலைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது குளத்து நீர்தானா என்று எவரும் கேட்கவில்லை.

கூட்டம் கலைந்தபின் ஸ்வீட்லின் வந்தார். நல்ல பெண், மனத்தில் இருப்பதை மறைக்கத் தெரியாதவர். அந்த நான்கு வாரமும் அவருக்கு உள்ளூர ஒரு வருத்தம் இருந்திருக்கிறது. துண்டை அன்னத்தாயின் தோளில் போர்த்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரொம்ப சந்தோசமா இருக்குக்கா. ஆனா ஒண்ணு கேக்கணும். என்கிட்ட ஒரு வாரம் வந்திய. எல்லாத்துக்கும் சரி சரின்னு தலையாட்டுனிய. பெறகு ஒரு வார்த்தயும் சொல்லாம அங்கன போயிட்டிய. நான் சொல்லிக்குடுத்ததுல என்ன குறை?"

அன்னத்தாய் துண்டால் காதைத் துடைத்தார்.

"குறை ஒண்ணும் இல்ல, டீச்சர். நீங்க சொன்னது எனக்கு வெளங்கல."